'தியாகம்' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

பெங்களூருவில் அட்மிஷன் சீசன் வந்தால் சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன், அல்சூர் பக்கத் தமிழ் வீடுகளில் ஒரே கேள்விதான்: "கான்வென்ட்ல சீட்டு கிடைச்சுதா?" கான்வென்ட் என்றால் கன்னியர் மடம். மடத்தை ஒட்டி வந்த பள்ளிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று ஒரு சிஸ்டர்கூட எட்டிப் பார்க்காத கட்டடத்திலும் அந்த போர்டு தொங்குகிறது. அது போகட்டும்.

சிஸ்டர்களின் பள்ளிகளைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் 'தியாகம், தொண்டு' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பெண்கள் பார்த்தது நிர்வாகம். நிலம், கட்டடம், கணக்கு, அனுமதி என்று எல்லாம் அதில் அடக்கம். அந்தத் திறமைக்கு உரிய பெயரைக் கொடுக்க நமக்கு இன்னும் வாய் வரவில்லை.

1854இல் பிரான்சின் ஆன்ஜே நகர நல்லாயன் துறவுச் சபைக் கன்னியர் பெங்களூருக்கு வந்தார்கள். மியூசியம் ரோடு சேக்ரட் ஹார்ட் பெண்கள் பள்ளி அந்த ஆண்டே பிறந்தது. 1886இல் செயின்ட் மார்த்தாஸ் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே சபைதான். அந்தக் காலத்துக் கான்வென்ட்களில் ஒரு கணக்கு பரவலாக இருந்தது: வசதியான வீட்டுப் பிள்ளைகளின் போர்டிங் கட்டணத்தில் மிஞ்சுவதை வைத்து ஏழைப் பிள்ளைகளின் இலவசப் பள்ளியையும் அநாதை இல்லத்தையும் ஓட்டுவது. கணக்கு கெட்டிதான். ஆனால் இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் தனித்தனியாக வளர்ந்தார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புதுச்சேரிக் கதை வேறு. பெண் எழுத்துப் படிப்பது தேவதாசிகளுக்கு உரியது என்று குடும்பங்கள் ஒதுங்கிய காலத்தில், 1844இல் துப்புயி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். உள்ளூர்ப் பெண்களே சிஸ்டர்களாகித் தமிழில் சொல்லிக்கொடுத்தார்கள். பிரெஞ்சு மதர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் திறக்காத வீட்டுக் கதவுகள் இவர்களுக்குத் திறந்தன.

இன்று ஒரு சபை பள்ளி தொடங்குவது எப்படி? அங்கே மடம் அமைக்க மறைமாவட்ட ஆயரின் (பிஷப்பின்) எழுத்துப்பூர்வ ஒப்புதல் முதலில் வேண்டும். பிறகு சங்கப் பதிவு. கர்நாடகத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் தேவை. அதன் பிறகுதான் அங்கீகாரம், கட்டடப் பாதுகாப்புச் சான்று, தீயணைப்புச் சான்று என்று அலைச்சல்.

சிக்கல் வருவது பங்குக் கோவிலின், அதாவது அந்தந்தப் பகுதிக் கத்தோலிக்கர்களின் கோவிலின் பள்ளியில். நிலமும் பெயரும் மறைமாவட்டத்துடையவை, தலைமையாசிரியை மட்டும் சபை அனுப்பும் சிஸ்டர். திருச்சபைச் சட்டம் 681 இதற்குத் தெளிவான வழி சொல்கிறது: என்ன வேலை, யார் செய்வது, பணம் எப்படி என்பதை ஆயரும் சபைத் தலைமையும் எழுதி ஒப்பந்தம் போட வேண்டும். வாய்ப்பேச்சில் ஓட்டிய இடங்களில், அந்தக் கோவிலின் பாதிரியாரான பங்குச்சாமி மாறியதும் 'கேன்டீன் வருமானம் யாருக்கு' என்பதில் ஆரம்பித்துக் கடைசியில் சிஸ்டர்கள் பெட்டியைக் கட்டுவதில் முடியும். கட்டி வளர்த்த கைக்குப் பத்திரத்தில் இடம் இருக்காது. பள்ளி ஆண்டு மலரில் ஒரு போட்டோ இருக்கும்.

அடுத்தது சம்பளம். சொந்தமாக எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் என்பதால் அரசு உதவிபெறும் பள்ளியில் சிஸ்டர் வாங்கும் சம்பளம் சபைக்குப் போய்விடும். கையில் தங்காத பணத்துக்கு வரி ஏன் என்று சபைகள் வழக்குப் போட்டன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளத்திலேயே வரியை (டிடிஎஸ்) பிடிக்கலாம் என்று ஆகிவிட்டது. என்னைக் கேட்டால் தீர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் வாங்கியவர் அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது அரசின் கவலை அல்ல.

பெரிய கவலை ஆள். நவசந்நியாசம் என்ற துறவுப் பயிற்சி குறைந்தது 12 மாதம், தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது 3 ஆண்டு, பட்டம், அதன் மேல் 2 ஆண்டு பி.எட். இத்தனையும் கடந்து அனுபவமும் சேர்ந்த பிறகுதான் ஒரு தலைமையாசிரியை கிடைப்பார். அழைத்தலோ, அதாவது கன்னியராக வரும் பெண்களோ, குறைகிறார்கள்.

ஒரு பேச்சுக்கு, 20 வகுப்புள்ள பள்ளியில் 5 சிஸ்டர்கள் பாடம் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களுடைய உழைப்பின் மதிப்பு இத்தனை காலம் லேப், கழிப்பறை, கட்டணச் சலுகை என்று பள்ளிக்குள்ளேயே சுற்றி வந்தது. ஐவரும் ஓய்வு பெற்று வெளி ஆசிரியர்கள் வந்தால், முழுச் சம்பளமும் கட்டணத்தில் ஏறும். கட்டண உயர்வுச் சர்குலரில் இதை எந்தப் பள்ளியும் எழுதுவதில்லை. எழுதினால் பாதிப் பெற்றோர் சண்டையை நிறுத்திவிடுவார்கள். மீதிப்பேர் வரவுசெலவுக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள், அதுவும் நியாயம்தான்.