மாலத்தீவுக்கு இன்னொரு ஓடுபாதை எதற்கு?

மாலத்தீவில் தேர்தல் நெருங்கினாலே "உங்கள் தீவுக்கும் விமான நிலையம்" என்ற வாக்குறுதி தானாக வந்துவிடும். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 5 லட்சத்து 15 ஆயிரம். நிலப்பரப்பு மொத்தமும் சேர்த்தால் 300 சதுர கிலோமீட்டர் தேறாது. விமான நிலையங்கள் மட்டும் இருபதை ஒட்டி வந்துவிட்டன. ஆள் போக்குவரத்துக்கு இது நல்லதுதான். வடக்கே தொடங்கி தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் தீவுக்கூட்டத்தில், பிரசவ வலி வந்த பெண்ணைப் படகில் ஏற்றி மாலேவுக்கு அனுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதோடு சேர்த்து "மீன் ஏற்றுமதி வளரும், சாமான் விலை குறையும்" என்கிறார்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. சரக்கின் கணக்கே வேறு.

மாலேவிலிருந்து வெளியே போகும் விமானச் சரக்கில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில், லக்கேஜுக்குப் பக்கத்தில் போகிறது. தொழிலில் இதை 'பெல்லி கார்கோ' என்பார்கள். விமானம் வருவது சுற்றுலாப் பயணிக்காக. வரும்போது ரிசார்ட்டுக்கான இறைச்சி, சீஸ், பெர்ரிப் பழம், கீரை, பூ எல்லாம் இறங்கும். திரும்பும்போது ஏற்ற இந்த நாட்டிடம் இருப்பது ஏறக்குறைய ஒரே பொருள்: மீன். 2020 மார்ச் இறுதியில் எல்லையை மூடினார்கள், ஜூலை 15-ல்தான் திறந்தார்கள். அந்த மூன்றரை மாதமும் கடலில் சூரை இருந்தது, ஐரோப்பாவில் சூப்பர் மார்க்கெட்டுகளும் திறந்திருந்தன. பயணி வராததால் விமானம் வரவில்லை, பச்சை மீன் ஏற்றுமதி படுத்துவிட்டது. இதைப் பார்த்த பிறகும் இந்த நாட்டில் சரக்குக் கொள்கை, சுற்றுலாக் கொள்கை என்று இரண்டையும் தனித்தனியாகப் பேசுவது எனக்கு வியப்புதான். 2024 டிசம்பரில் எகானமி வகுப்பு வெளிநாட்டுப் பயணிக்கான புறப்பாட்டு வரியையும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணத்தையும் தலா 50 டாலராக உயர்த்தினார்களே, அப்போது ஹோட்டல்காரர்கள் கத்தினார்கள். மீன்காரர்களும் கத்தியிருக்க வேண்டும். ஒரு சீட்டு குறைந்து ஒரு விமானம் நின்றால் அவர்களுடைய இடமும் சேர்ந்தே போகிறது.

ஒரு விமானத்தில் எவ்வளவு இடம் என்று பார்க்கலாம். ஏர்பஸ் ஏ330-300-ன் கீழ்த்தளத்தில் எல்டி3 கன்டெய்னர் 32 வைக்கலாம். ஒரு எல்டி3-யில் சராசரியாக 35 முதல் 40 பெட்டி அடங்கும். 300 பயணிகளின் லக்கேஜுக்கு 8, 9 கன்டெய்னர் போதும். டைவிங் சாமானோடு வரும் கூட்டம் என்றால் இன்னும் ஒன்றிரண்டு கூடும். மிச்சமுள்ள இருபதுக்கு மேற்பட்ட இடம் விற்பனைக்கு. ஆனால் அதே வழியில் சிறிய போயிங் 737 வந்தால் கதை வேறு. அதில் கன்டெய்னர் ஏறாது, பெட்டி பெட்டியாகக் கையால் அடுக்க வேண்டும். இடமும் குறைவு, வெயிலில் நிற்கும் நேரமும் கூடுதல். ஆகவே "வாரத்துக்கு இத்தனை விமானம்" என்ற எண்ணிக்கை சரக்குக்காரனுக்கு ஒன்றும் சொல்லாது. எந்த விமானம், எந்த மாதம் என்று கேட்க வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஐரோப்பியக் குளிருக்குப் பயந்து வரும் கூட்டத்தால் பெரிய விமானங்கள் குவியும். மே மாதம் பிறந்தால் சார்ட்டர்கள், அதாவது சுற்றுலாக் கூட்டத்துக்கென வாடகைக்கு எடுத்த விமானங்கள், மெலியும்.

இனி மீன். டின்னுக்குப் போகும் வரிச்சூரை உறைந்த நிலையில் கப்பலேறித் தாய்லாந்து போகிறது, அதை விடுங்கள். விமானத்துக்கு உரியது கைத்தூண்டிலில் பிடிக்கும் பெரிய யெல்லோஃபின் சூரை. இதன் விரோதி ஹிஸ்டமின், தின்றவருக்கு ஒவ்வாமை போல உடம்பைப் படுத்தும் நஞ்சு. சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூடு ஏறினால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒருமுறை உண்டாகிவிட்டால் வேகவைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு தொகுதி மீனுக்கு, 9 மாதிரி எடுப்பார்கள். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு மாதிரி வரை 100-க்கும் 200-க்கும் இடையில் இருக்கலாம், ஒன்றுகூட 200-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்க வழிகாட்டுதலோ, காற்றோ நீரோ 28.3 டிகிரிக்கு மேல் என்றால் மீன் செத்த 6 மணி நேரத்துக்குள் அது பனிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. மாலத்தீவுக் கடல் நீர் பல மாதங்களில் அந்த எல்லையைத் தொட்டுத்தான் நிற்கும்.

அதனால் வேலை படகிலேயே தொடங்குகிறது. தூண்டிலில் வெகு நேரம் போராடும் சூரையின் உடம்பு கடல் நீரைவிடச் சூடாகிவிடும். சதை வெளிறி, வெந்தது போலாகும். சஷிமி வாங்குகிறவன் ஒரு கீற்று வெட்டிப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவான். எனவே மேலே தூக்கியதும் மூளையில் குத்தி அசைவை நிறுத்தி, ரத்தம் வடித்து, செவுளும் குடலும் எடுத்து, கடல் நீரும் பனியும் கலந்த குழம்பில் முதலில் மூழ்கடிக்க வேண்டும். வெறும் பனிக்கட்டி மேல் படுக்க வைத்தால் தொடும் இடம் மட்டும்தான் குளிரும். 40 கிலோ மீனின் நடுமுள் வரை குளிர் இறங்கப் பல மணி நேரம் பிடிக்கும். மீனின் எடைக்குச் சமமாகவாவது பனி வேண்டும் என்பது வெப்பமண்டலத்தில் பொதுக் கணக்கு. 3 டன் மீனை எதிர்பார்த்துப் போகும் படகு 3 டன் பனி ஏற்ற வேண்டும். தீவில் ஐஸ் ஆலை பழுது என்றால் படகு பாதிப் பனியோடு போகும், அல்லது வரிசையில் காத்து நிற்கும். மாலேவில் ஆய்வகத்தில் தோற்கும் லாட்டின் கதை பல நேரம் அந்த ஐஸ் வரிசையில் தொடங்கியதாக இருக்கும்.

ஆலையில் லாயினாக, அதாவது முள்ளில்லாத நீளத் துண்டுகளாக வெட்டி, சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் ஜெல் பேக்கோடு அடைப்பார்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஈரப் பனிக்கட்டியை ஏற்பதில்லை. உப்பு நீர் கசிந்தால் விமானத் தரையின் அலுமினியத்தை அரித்துவிடும் என்பது காரணம். உள்ளே பிளாஸ்டிக் பை, அடியில் உறிஞ்சும் தாள், வெளியே அட்டைப்பெட்டி. ஒரு மூலையில் பை கிழிந்தாலும் ராம்ப்பில் சரக்கேற்றுபவர் முழு கன்டெய்னரையும் இறக்கிவைத்துவிடுவார். அதற்குமேல் சுகாதாரச் சான்று, 2010 முதல் ஐரோப்பா கேட்கும் மீன்பிடிச் சான்று. சான்றில் உள்ள எடையும் ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டில்) உள்ள எடையும் ஒத்துப்போகாவிட்டால் மீன் ஃபிராங்ஃபர்ட்டில் குளிர் அறையில் கிடக்கும், ஆயுள் நாள் நாளாகக் குறையும். வளைகுடா வழி போகும் லோடுக்கு இன்னொரு ஆபத்து. ஜூலை மாதம் 45 டிகிரியில் ஏப்ரனில் (விமானம் நிற்கும் திறந்த தளத்தில்) டாலி என்ற சரக்கு வண்டி அரை மணி நேரம் நின்றாலே ஜெல் பேக் தளர்ந்துவிடும். வெப்பப் போர்வைக்கு நூறு டாலர் கணக்குப் பார்ப்பவர்கள் பிறகு முழு லோடுக்கும் இழப்பீடு கேட்டுக் கடிதம் எழுதுவார்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்து ஐரோப்பா போனால் அங்கே வரி காத்திருக்கிறது. மாலத்தீவு 2011-ல் வளர்ச்சி குன்றிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறியது. ஐரோப்பிய வரிச்சலுகை 2013 முடிவோடு நின்றது. டின் சூரைக்கு 24 சதவீதம், பச்சை மீனும் தப்பவில்லை. பக்கத்து இலங்கையோ 2017-ல் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையைத் திரும்பப் பெற்று வரியில்லாமல் அனுப்புகிறது. ஒரே பெருங்கடல், ஒரே இன மீன், ஒரே சந்தை. ஆக மாலத்தீவு மீனுக்கு விலையில் இடமில்லை. தரத்திலும் சரக்குக் கட்டணத்திலும்தான் பிழைக்க வேண்டும்.

இங்கேதான் புதுப் போட்டி வந்திருக்கிறது. வங்கதேச ஆயத்த ஆடைகளில் ஒரு பகுதி 2024 முதல் சிட்டகாங்கிலிருந்து கப்பலில் மாலே வந்து, அங்கிருந்து விமானமேறுகிறது. கடல்-வான் மாற்று என்பது துபாயில் பழைய வியாபாரம். செங்கடல் சிக்கல், டாக்கா விமான நிலைய நெரிசல் இரண்டும் சேர்ந்து மாலேவையும் அந்த வரைபடத்தில் கொண்டுவந்தன. 2025 ஏப்ரலில் இந்தியா தன் விமான நிலையங்கள் வழியான வங்கதேச மாற்றுச் சரக்கு வசதியை நிறுத்தியது இதற்கு மேலும் தள்ளு கொடுத்தது. திரும்பும் விமானத்தின் காலி வயிற்றை விற்கும் மிகச் சரியான யோசனை என்று விமான நிலைய நிர்வாகம் மகிழ்கிறது. பாதி சரி.

ஏன் பாதி? விமானச் சரக்கில் 6,000 கன சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்று கொள்ளளவு எடை போடுவார்கள். உண்மை எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 60க்கு 40க்கு 30 சென்டிமீட்டர் மீன் பெட்டியின் கொள்ளளவு எடை 12 கிலோ. உள்ளே மீன் 15 கிலோ, ஜெல், பெட்டி எல்லாம் சேர்த்து 17 கிலோ இருக்கும். 17-க்குக் கட்டணம். 60க்கு 40க்கு 40 ஆடைப் பெட்டி உண்மையில் 12 கிலோ இருக்கலாம், கட்டணம் 16-க்கு. மீன் எடையைத் தின்னும், ஆடை இடத்தைத் தின்னும். இரண்டையும் சரியாகக் கலந்தால் விமான நிறுவனத்துக்கு இரட்டை லாபம். ஆனால் ஒரே பேலட்டில் கலக்க முடியாது. சூரை வாசனை ஏறிய சட்டையை ஸ்டாக்ஹோமில் யார் வாங்குவார்கள்? தனித்தனிக் கன்டெய்னர் வேண்டும், மீன் அடியிலும் முன்கூட்டியும் போகக் கூடாது, கடைசியில் ஏற வேண்டும். கடைசியில் ஏறுவதுதான் எடை கூடினால் முதலில் இறங்கும். ஆடைக்காரர் மாதக்கணக்கில் இடத்தை முன்பதிவு செய்வார். மீன்காரருக்கு நாளைக்கு எத்தனை டன் என்பது இன்று மாலைதான் தெரியும். குளிர்காலத்தில் இது உறைக்காது. ஜூன், ஜூலையில் உறைக்கும். ஒவ்வொரு பெரிய விமானத்திலும் இத்தனை எல்டி3 மீனுக்கு, சரக்கை ஏற்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் வரை காத்திருந்து பிறகுதான் மற்றவருக்கு என்று ஓர் ஏற்பாட்டை நிர்வாகம் இப்போதே பேசி முடிக்க வேண்டும். ஏப்ரனை ஒட்டிக் குளிர் அறையும் குளிர் டாலியும் அதைவிட அவசரம். 2025 ஜூலையில் திறந்த புதிய பயணிகள் முனையம் ஆண்டுக்கு 75 லட்சம் பேரைத் தாங்கும் என்றார்கள். அதில் மீனுக்கு ஒன்றுமில்லை.

இப்போது அந்தத் தீவு ஓடுபாதைகளுக்கு வருகிறேன். புதியவற்றில் பல 1,200 மீட்டர். ஏடிஆர் 72-600 முழு எடையான 23 டன்னோடு எழும்பக் கடல் மட்டத்தில், 15 டிகிரியில், சுமார் 1,315 மீட்டர் வேண்டும். மாலத்தீவில் மதியம் 31, 32 டிகிரி. காற்று மெலிந்தால் இன்னும் நீளம் கேட்கும். அப்படியானால் எடையைக் குறைத்துத்தான் கிளம்ப வேண்டும், முதலில் இறங்குவது சரக்கு. கடல் விமானமான ட்வின் ஆட்டரோ மொத்தமே 5,670 கிலோ, பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கும். பயணியின் பெட்டியையே அடுத்த விமானத்துக்குத் தள்ளும் சேவை அது. வடக்கே குல்ஹுதுஃபுஷி தீவில் கண்டல் காட்டை மண்ணிட்டு நிரப்பி 2019-ல் 1,200 மீட்டர் ஓடுபாதை திறந்தார்கள். ஹனிமாது விமான நிலையம் அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். அந்தக் கண்டலின் சேற்றில் தேங்காய் மட்டை ஊறவைத்துக் கயிறு திரித்த பெண்களின் வருமானம் போனதுதான் கண்ட பலன் என்பேன்.

எல்லா ஓடுபாதையும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஹனிமாதுவில் இந்தியக் கடனுதவியோடு சுமார் 2,460 மீட்டரில் கட்டி 2025 நவம்பரில் திறந்தது நல்ல முதலீடு. மாலேவுக்கு வரும் விமானம், அங்கே இறங்க முடியாவிட்டால் போக ஒரு மாற்று நிலையத்துக்கான எரிபொருளையும் சுமந்து வர வேண்டும். கொழும்பு, திருவனந்தபுரம், மாலத்தீவின் தென்கோடியில் உள்ள கான் எல்லாமே தொலைவு. சிறிய ஜெட்டுகளுக்கு ஹனிமாது பக்கத்தில் கிடைத்தால் அந்த எரிபொருள் எடையில் ஒரு பங்கு சரக்காக மாறும். இது யார் மேடையிலும் கேட்காத லாபம்.

தீவுகளுக்கு விலை குறைய வேண்டுமென்றால் ஐஸ் ஆலை, ஜெட்டியில் குளிர் அறை, நேரம் தவறாத சரக்குப் படகு. பயணிகளுக்கு 2022 முதல் ஆர்டிஎல் என்ற அரசு விரைவுப் படகு நேரப்படி ஓடுகிறது. சரக்குப் படகு பெரும்பாலும் லோடைப் பார்த்துத்தான் கிளம்புகிறது. மாலேவில் இறங்கிய வெங்காயம் அதற்குள் முளைவிட்டுவிடும்.

தூத்துக்குடிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இங்கிருந்து மாலே சுமார் 400 கடல் மைல். நாமக்கல் முட்டை, வெங்காயம், ஜல்லி, மணல் எல்லாம் இந்த வழியில் போகிறது. தோணிகள் தென்மேற்குப் பருவக்காற்றில் நின்றுவிடும், அந்த மாதங்களில் கன்டெய்னர்தான். 1981 ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா தரும் சிறப்பு ஒதுக்கீட்டில் 2024-25-க்கு மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன்னாக உயர்ந்தன. 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, குல்ஹுதுஃபுஷி, மாலே என்று 200 கன்டெய்னர் கொள்ளும் கப்பலை விட்டபோது, வடக்குத் தீவுகளுக்கு மாலேவைச் சுற்றாமல் நேரே சரக்கு போய்ச் சேரும் என்று காட்டினார்கள். வழி அதுதான். மாலே வணிகத் துறைமுகத்தைப் பக்கத்துத் திலஃபுஷி தீவுக்கு மாற்றும் திட்டமும், அதை மாலேவோடு இணைக்கும் 6.74 கிலோமீட்டர் பாலமும் முடிந்தால் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் தரைவழி முழுமையாகும். அதுவரை பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் சரக்குச் சீட்டில்) 'மாலே' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த இறங்குதுறை, சரக்கை எடுக்க எத்தனை நாள் இலவசம், அங்கிருந்து தீவுக்குப் படகுக் கூலி யார் தலையில் என்பதை விலை பேசும்போதே வாங்குபவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தகராறெல்லாம் அந்தக் கடைசிப் படகில்தான் வருகிறது.