ஊசி போட்டதால நெஞ்சு சதை கரையாதுங்க

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ சுத்துது, வலது நெஞ்சு தட்டையா இருக்கற சின்ன பையன், கீழ "பொறந்தப்ப போட்ட ஊசியால சதை கரைஞ்சு போச்சு, உங்க புள்ளைக்கு போடாதீங்க"ன்னு எழுதிருக்கு. பச்சைப் பொய்ங்க, தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

அந்தச் சதை கரையல, உருவாகவே இல்ல. இதுக்கு போலண்ட் சிண்ட்ரோம்னு பேரு, 1841லயே லண்டன்ல ஆல்ஃப்ரெட் போலண்ட்ங்கற மருத்துவ மாணவர் எழுதி வச்சிட்டாரு, பொறந்ததும் காசநோய் வராம இருக்க போடற பிசிஜி ஊசிய மனுசங்களுக்கு போட ஆரம்பிச்சதே 1921லதான். கருவுல ஆறாவது வாரம் வாக்குல அந்தப் பக்கம் ரத்த ஓட்டம் கொறைஞ்சு பெரிய மார்புத் தசையோட ஒரு பகுதி வராம போயிடுதுன்னுதான் டாக்டருங்க பெரும்பாலும் நினைக்கிறாங்க. இன்னொன்னு, நம்ம ஊர்ல பிசிஜி போடறது இடது மேல்கையில, இந்தக் குறை அதிகமா வர்றது வலது பக்கம்!

சந்தேகம் இருந்தா புள்ளைய ரெண்டு கையையும் இடுப்புல வச்சு நல்லா அழுத்தச் சொல்லுங்க, அக்குளுக்கு முன்னாடி தடிப்பா வர்ற மடிப்பு ஒரு பக்கம் மட்டும் வரலன்னா டாக்டர்ட்ட காட்டுங்க, அதே பக்கத்து விரலு குட்டையா இல்ல ஒட்டி இருக்கான்னும் பாருங்க. எக்ஸ்ரே எடுத்தா அந்தப் பக்கம் கூடுதல் கருப்பா தெரியும், நுரையீரல் கோளாறுன்னு குழம்ப வாய்ப்பிருக்கு, அதனால முன்னாடியே சொல்லிடுங்க. மத்த தசைங்க ஈடு கட்டிடறதால பெரும்பாலும் கை நல்லாவே வேலை செய்யும்.

இப்படிப் பொறந்த புள்ளையோட அம்மாவ, கிரகணத்துல வெளிய போனியான்னு கேட்டு நோகடிக்கறதையும் நிறுத்துங்க, ஊசிய மட்டும் நாள் தவறாம போட்டுருங்க.