ஒரு தக்காளி டப்பா போதும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை

மின்னல் வேகத்தில் ஓடும் ஒரு சூப்பர் ஹீரோவை வைத்துச் சுமார் 20 கோடி டாலர் கொட்டி எடுத்த படம் 'தி ஃபிளாஷ்'. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு மருத்துவமனைக் கட்டடம் சரிகிறது. பச்சைக் குழந்தைகள் ஜன்னலை உடைத்துக்கொண்டு அந்தரத்தில் விழுகின்றன. பார்க்கிறவன் நெஞ்சு பதற வேண்டிய இடம். அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தீர்களா? கொலு பொம்மைக்குக்கூட அதைவிட உயிர் இருக்கும். பதறுவது எங்கே, முகம் சுளிக்கத்தான் தோன்றியது. போதாததற்கு ஒரு குழந்தையைத் தூக்கி மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்து மூடுகிறான் நாயகன். அதற்கு நாம் சிரிக்க வேண்டுமாம்.

இதைப் பற்றிக் கேட்டதற்கு இயக்குநர் ஆண்டி முஸ்கியெட்டி சொன்ன விளக்கம் இன்னும் எரிச்சல். அது வேண்டுமென்றே செய்ததாம். ஃபிளாஷ் அந்த வேகத்தில் ஓடும்போது அவன் கண்ணுக்கு உலகம் அப்படித்தான் கோணலாகத் தெரியுமாம். யாரிடம் சொல்கிறீர்கள் இதை? வேண்டுமென்று செய்ததற்கும் முடியாமல் விட்டதற்கும் வித்தியாசம் தெரியாதவனா காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன்?

கிராபிக்ஸ் வேலை பார்த்தவர்களை நான் திட்டவில்லை. படப்பிடிப்பு 2021 அக்டோபரில் முடிந்துவிட்டது, படம் வந்தது 2023 ஜூனில். ஒன்றரை வருஷத்துக்கும் மேலே கையில் இருந்தது. அதையெல்லாம் உட்கார்ந்து பார்த்து, இது போதும், அனுப்பலாம் என்று தலையாட்டினார்களே, அவர்கள்மேல்தான் கோபம்.

கிராபிக்ஸ் மட்டும் மோசம் என்றால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். வயிற்றெரிச்சலே வேறு. இந்தப் படத்துக்குள் ஒரு நல்ல கதை இருந்தது. ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஆண்டி க்யூபர்ட் வரைந்து 2011 இல் வந்த 'ஃபிளாஷ்பாயிண்ட்' காமிக்ஸ்தான் அதற்கு அடிப்படை. ஃபிளாஷின் நிஜப் பெயர் பேரி ஆலன். அவனுக்குச் சின்ன வயதில் அம்மா கொலையாகிறாள். பழி அப்பாமேல் விழுந்து அவர் சிறையில். படத்தில் அதை எவ்வளவு அழகாகச் சுருக்கியிருந்தார்கள்! கடைக்குப் போன அம்மா ஒரு தக்காளி டப்பாவை மறந்துவிட்டாள். அதை வாங்க அப்பா வெளியே போன நேரத்தில்தான் கொலை. அவ்வளவுதான். காலத்தில் பின்னால் ஓடிப்போய் அம்மாவின் தள்ளுவண்டியில் அந்த டப்பாவை வைத்துவிட்டால் அவள் உயிரோடு இருப்பாள். வைக்கிறான். உலகம் தாறுமாறாகிறது. கடைசியில் அவனே போய், தன் கையாலேயே அதை எடுக்க வேண்டும்.

அந்தக் காட்சியில் நான் அழுதேன். அம்மாவாக நடித்த மாரிபெல் வெர்டு, தன் எதிரே நிற்பது தன் மகன்தான் என்று தெரியாமலே அவனுக்கு ஆறுதல் சொல்கிறார். ஒரு சூப்பர் மார்க்கெட், இரண்டு பேர், ஒரு டப்பா. கிராபிக்ஸ் ஏதும் தேவைப்படவில்லை. இப்படி ஒரு காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு மீதி நேரம் என்ன செய்தார்கள் என்பதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

முதலில், அம்மாவைக் கொன்றது யார் என்று படம் சொல்லவே இல்லை. ஆமாம், கடைசிவரை. காமிக்ஸ் படித்தவனுக்குத் தெரியும். மற்றவன் என்ன செய்வான்? கதையின் ஆணிவேரே அந்தக் கொலைதான்!

அந்த நேரத்தை எதற்குக் கொடுத்தார்கள் தெரியுமா? செத்துப்போனவர்களின் முகங்களுக்கு. உச்சக்கட்டத்தில் பல உலகங்கள் உருண்டைகளாக மோதிக்கொள்ளும்போது, ஒன்றில் பழைய சூப்பர்மேன் ஜார்ஜ் ரீவ்ஸ். 1959 இல் இறந்தவர். இன்னொன்றில் இன்னொரு பழைய சூப்பர்மேன் கிறிஸ்டோபர் ரீவ். குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்காகப் போராடி 2004 இல் இறந்த மனிதர். அவர் முகத்தைக் கணினியில் பிசைந்து, நாம் விசிலடிக்க சில நொடிகள் நிறுத்தி வைக்கிறார்கள். எனக்குக் கூசியது. அதே இடத்தில் சூப்பர்மேனாக வரும், உயிரோடு இருக்கும் நிக்கோலஸ் கேஜுக்கும் மரியாதை இல்லை. படப்பிடிப்பில் ஓர் உலகம் அழிவதைப் பார்த்து நிற்பதாகத்தான் நடித்தேன், திரையில் பார்த்தால் ராட்சதச் சிலந்தியோடு சண்டை போடுகிறேன் என்று அவரே பேட்டியில் சொன்னார்.

மைக்கேல் கீட்டன் முப்பது வருஷம் கழித்து பேட்மேனாகத் திரும்பினார். அவர் முகம் தெரிந்த கணம் அரங்கமே கத்தியது, நானும்தான். அவரைக் கொண்டுவந்து திரும்பத் திரும்பச் சாகவைத்தார்கள். சூப்பர்கேர்ளாக வந்த சாஷா காயேவுக்கும் அதே கதி. அந்தப் பெண்ணின் கண்ணில் அவ்வளவு ஆத்திரம் இருந்தது, அவளுக்கென்று ஒழுங்காகப் பத்து நிமிஷம் கொடுக்க மனசில்லை.

அப்புறம் அந்த முடிவு. காலத்தில் கைவைக்கக் கூடாது என்று அம்மாவையே பறிகொடுத்துக் கற்றுக்கொண்டவன், டப்பாவை எடுத்த கையோடு அப்பாவைக் காப்பாற்ற, கடைக் கேமராவில் அவர் முகம் பதியும்படி அடுக்கில் இருந்த டப்பாக்களை இடம் மாற்றி வைக்கிறான். அப்பா விடுதலை. சரி, அதற்கு விலை? காரிலிருந்து வேறொரு பேட்மேனாக ஜார்ஜ் கிளூனி இறங்குகிறார், பேரியின் பல் விழுகிறது, படம் முடிந்தது. கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அந்தக் கண்ணீரையே கேலி செய்தது போலிருந்தது. எழுத்துகள் ஓடி முடியும்வரை காத்திருந்தவர்களுக்கு, குடித்துவிட்டுத் தண்ணீர்க் குட்டையில் குப்புற விழும் அக்வாமேன் என்ற இன்னொரு சூப்பர் ஹீரோ.

இத்தனைக்கும் படம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே இந்த சூப்பர் ஹீரோக்களின் டிசி திரையுலகை முதலிலிருந்து தொடங்கப்போவதாக டிசி ஸ்டூடியோஸ் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கன் அறிவித்துவிட்டார். அதே வாயால், இதுவரை வந்த மிகச் சிறந்த சூப்பர் ஹீரோ படங்களில் இதுவும் ஒன்று என்றும் சொன்னார். அதை நம்பித்தான் முதல் நாளே போனோம்.

உலகம் முழுக்கச் சேர்த்து சுமார் 27 கோடி டாலர்தான் வசூல். விளம்பரச் செலவு, தியேட்டர் பங்கு போனால் பெருநஷ்டம். உடனே ஆரம்பித்துவிட்டார்கள், ரசிகர்களுக்கு சூப்பர் ஹீரோ படம் சலித்துவிட்டதாம். பொய். அதே 2023 ஜூனில்தான் 'ஸ்பைடர் மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்' வந்தது. இதைவிடக் குறைந்த செலவு, அதிலும் பல உலகங்கள், அதிலும் பெற்றவரைக் காப்பாற்றினால் உலகம் உடையும் என்ற அதே சிக்கல். சுமார் 69 கோடி டாலர் வசூல். அதில் ஸ்பைடர் மேனாக வரும் பையன் அப்பாவுக்காகத் துடிப்பதைக் கடைசிவரை நம்பி எடுத்திருந்தார்கள். எங்களுக்கு எதுவும் சலிக்கவில்லை. உங்கள் கதையை முதலில் கைவிட்டது நீங்கள்.