நோட்டீஸைக் கிழித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நான் ஒட்டிய நோட்டீஸ் ஆராதனை முடிவதற்குள் போய்விட்டது. குண்டூசிக்கு அடியில் ஒரு மூலை மட்டும் மிச்சம், அதில் ‘ஓய்வு’ என்ற சொல்லில் பாதி. மூன்று நாளாக அதுவே கண்ணுக்குள் நிற்கிறது.

அப்படி என்ன எழுதிவிட்டேன்? வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள், தொடர்ந்து 24 மணி நேரம், விடுப்புக் கொடுங்கள் என்று எழுதினேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் ஏற்றுக்கொண்ட 189-வது உடன்படிக்கையில் இருப்பதுதான் இது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே பத்துக் கட்டளைகளில் இருக்கிறது. ஓய்வுநாள் கட்டளையை முழுசாக வாசியுங்கள். நீயும் உன் பிள்ளைகளும் என்பதோடு அது நிற்கவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி என்று தனித்தனியாகச் சொல்கிறது. வேதாகமத்தில் உபாகமம் 5-ம் அதிகாரத்தில் காரணமும் இருக்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள்.

‘ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாம்’ என்கிறீர்கள். கட்டளையைச் சுவரில் ஒட்டினால் அது எப்படி அரசியலாகும்?

என் அம்மா வீட்டு வேலை பார்த்தவர். ஞாயிறுதான் அவருக்கு வேலை அதிகம், வீட்டுக்காரர்கள் ஆராதனை முடிந்து வருவதற்குள் சமையல் ஆகியிருக்க வேண்டும். இரவு வந்து, வெடித்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டே, “இன்னைக்கு என்ன வசனம் வாசிச்சாங்க?” என்று என்னைக் கேட்பார். நான் பாதி மறந்திருப்பேன். அந்தப் பாதிதான் அவருக்குக் கிடைத்த ஆராதனை.

‘வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால் என்ன செய்வது?’ என்று ஒருவர் கேட்டார். நியாயமான கஷ்டம்தான், மாற்று ஆள் வைப்பது பற்றி உட்கார்ந்து பேசலாம். ஆனால் ‘இதற்கு இது நேரமில்லை’ என்றவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்காமில் கறுப்பின மக்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் நடத்திய போராட்டத்தைப் பார்த்து எட்டு மதகுருக்கள் இதைத்தான் சொன்னார்கள். கைதாகிச் சிறையில் இருந்த கிங், செய்தித்தாளின் ஓரங்களில் பதில் எழுதத் தொடங்கினார். நானும் ஆலயக் கமிட்டியில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ‘பார்க்கலாம்’ என்றார்கள். சரி, எப்போது பார்ப்பீர்கள்?

அப்புறம், பேர் வாங்கத்தான் செய்கிறேனாம். இதுதான் வலிக்கிறது. அந்த நோட்டீஸில் என் பெயரே இல்லை. பதினைந்து வருடம் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியிருக்கிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியாதா? கோபமிருந்தால் என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே, தாளைக் கிழிப்பானேன்?

கிழித்தபோது அங்கே இன்னொருவரும் இருந்தார். ஒரு வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அக்கா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கண் முன்னால்தான் கை நீண்டது. எல்லோரும் போன பிறகு படிக்கட்டில் என்னிடம் வந்து, “தம்பி, அதுல மீதி என்ன எழுதியிருந்துச்சு?” என்று கேட்டார்.

சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.