வாணவேடிக்கை எடுக்க எஃப்/1.8 லென்ஸ் கட்டாயமா? உண்மை விளக்கம்

"வாணவேடிக்கை எடுக்க எஃப்/1.8 லென்ஸ் கட்டாயம், ஐஎஸ்ஓ 6400 வையுங்கள், பிளாஷ் போடுங்கள்" என்று ஒரு தகவல் மண்டபம், பாம்பன் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மூன்றுமே தவறு. (எஃப் எண் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் சிறிதானால் துவாரம் பெரிது. ஐஎஸ்ஓ என்பது கேமரா ஒளியை உணரும் திறன்.)

வாணம் தானே ஒளி விடுவது. ஐஎஸ்ஓ 100, எஃப்/8 முதல் 11 வரை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 2 முதல் 4 நொடி போதும். கேமராவோடு வந்த 18-55 லென்ஸே தாராளம். நகரும் பொறி, படம் பதியும் சென்சாரின் ஒரு புள்ளியில் கண நேரம்தான் தங்கும். அதனால் கோட்டின் பிரகாசம் துவாரத்தையும் ஐஎஸ்ஓவையும் பொறுத்தது. ஷட்டர் நேரம் கூடினால் கோடு நீளும், அவ்வளவே. ஃபார்வர்டில் சொன்னபடி வைத்தால் சிவப்பும் பச்சையும் வெளுத்து வெள்ளைக் கோடாகிவிடும். பிளாஷில் தெரிவது முன்னால் நிற்பவரின் பின்னந்தலையும் புகையும்தான்.

டிரைபாட் அவசியம். நம் கரைக் காற்று சும்மா விடாது. கால்களை மணலில் அழுத்தி ஊன்றுங்கள். தூரத்துப் படகு விளக்கில் போகஸ் செய்துவிட்டு மேனுவல் போகஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பம் ராத்திரி கபடிப் படத்திலிருந்து வந்திருக்கலாம். அங்கே ஓடும் ஆளை அசைவில்லாமல் உறைய வைக்க ஷட்டர் நேரம் 1/500 நொடியோ அதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும், எஃப்/2.8 லென்ஸும் ஐஎஸ்ஓ 3200-உம் அங்கேதான் கைகொடுக்கும்.

சந்தேகமா? உங்கள் கேமரா கையேட்டைப் புரட்டுங்கள், அல்லது இரண்டு விதமாகவும் எடுத்து ஒப்பிடுங்கள். அந்த ஃபார்வர்டை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.