உன்னால் முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை

அம்மாவுக்கு முடக்குவாதம் முற்றியபோது எனக்குப் பதின்மூன்று வயது. காலையில் அம்மாவை எழுப்பி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, அப்புறம்தான் பள்ளிக்கு ஓடுவேன். பாதி நாட்களில் நான் போய்ச் சேரும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். ஏன் தாமதம் என்று கேட்டால் தூங்கிவிட்டேன் என்பேன். அம்மாவுக்கு உடை மாற்றிவிட்டு வந்தேன் என்று முழு வகுப்பின் முன்னால் எந்தப் பிள்ளை சொல்லும்? வீட்டுக்கு வந்த உறவினர்கள் "பொறுப்பான பிள்ளை" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டைக் கேட்ட பிறகு எனக்கு முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பல வருடம் கழித்து, இங்கிலாந்தில் 2014இல் வந்த பராமரிப்புச் சட்டத்தைப் படித்தேன். சம்பளமில்லாமல் வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவருக்கு உதவி தேவைப்படலாம் என்று தெரிந்தாலே, உள்ளாட்சி நிர்வாகம் அவருடைய நிலையைத் தனியாக மதிப்பிட வேண்டும். அப்போது அவரால் முடிகிறதா, இனியும் முடியுமா என்று பார்க்க வேண்டும். அவருக்கு விருப்பம் இருக்கிறதா, இனியும் இருக்குமா என்றும் பார்க்க வேண்டும். விருப்பம் என்ற சொல்லை ஒரு சட்டத்தில் பார்த்து நான் அழுதிருக்கிறேன். பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள விருப்பமா என்று கேட்பதே பாவம் என்று நினைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். அம்மா மேல் எனக்கு இருந்த பாசம் வேறு, ஒவ்வொரு இரவும் நான்கு முறை எழுந்திருக்க என் உடம்பில் இருந்த தெம்பு வேறு.

அதே 2014இல் வந்த இன்னொரு சட்டம், இப்படி வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் 18 வயது நிரம்பாதவர்களைப் பற்றியும் பேசுகிறது. பிள்ளையோ பெற்றோரோ வந்து கேட்கட்டும் என்று நிர்வாகம் காத்திருக்கக் கூடாது. தன் பகுதியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் யார் என்று கண்டறிய முயற்சி எடுக்க வேண்டும். இந்த வேலையை ஒரு பிள்ளை செய்வது தகுமா என்பதையும், அதன் படிப்பையும் விளையாட்டையும்கூடக் கணக்கில் எடுக்க வேண்டும். என் கருத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். கேட்டால் அம்மாவிடமிருந்து தங்களைப் பிரித்துவிடுவார்கள் என்று பயப்படுவார்கள். நான் பயந்தேன்.

அது உன் கடமைதானே என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பிரிட்டனில் 1976இல் பராமரிப்பவர்களுக்கு உதவித்தொகை தொடங்கினார்கள். கணவனோடு வாழும் பெண்களுக்கு மட்டும் அது கிடையாது, அவர்கள் எப்படியும் வீட்டில் இருப்பவர்கள்தானே என்ற எண்ணம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண் தன் தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர். அவருக்கும் மறுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

சரி, சட்டம் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடுமா? இல்லை. இங்கிலாந்தில் இன்றைக்கும் அந்த உதவித்தொகை வாங்க வாரத்துக்கு 35 மணி நேரமாவது பராமரிக்க வேண்டும், வயது 16 ஆகியிருக்க வேண்டும். வாரத்துக்கு 21 மணி நேரம் படித்தால் கிடையாது. வேலைக்குப் போய் வரம்புக்கு மேல் ஒரு பவுண்டு சம்பாதித்தாலும் முழுத்தொகையும் போய்விடும். ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் படிப்பா பணமா என்று கேட்கும் விதியை எப்படி ஆதரவு என்று சொல்வது? ஸ்காட்லாந்தில் 2023இல் தொடங்கிய புதிய உதவித்தொகை முழுநேரம் படிக்கும் பலருக்கும் கதவைத் திறந்திருக்கிறது. ஆகவே முடியாத காரியம் இல்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் பிரிட்டனில் ஆண்டுக்கு ஒரு வாரம் பராமரிப்பு விடுப்பு உண்டு, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே. ஆனால் சம்பளம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை ஐந்து வேலை நாள் தருகிறது, அதிலும் சம்பளம் கட்டாயமில்லை. மாதச் சம்பளத்தை நம்பி இருப்பவர் அந்த விடுப்பை எடுக்கவே தயங்குவார்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரையும் பராமரிப்பவர் என்றே வரையறுக்கிறது. ஆனால் அது பேசும் பராமரிப்பு உதவித்தொகை, அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கு உரியது. பார்த்துக்கொள்கிறவரின் முதுகு வலியும் விட்டுப்போன வேலையும் அங்கே இன்னும் கணக்கில் வரவில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளை அடிக்கடி தாமதமாக வந்தால், வகுப்பு முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேளுங்கள். மருத்துவர்கள், நோயாளிக்குப் பக்கத்தில் மருந்துச் சீட்டைப் பிடித்தபடி நிற்பவரிடம் நீங்கள் தூங்குகிறீர்களா என்று கேளுங்கள். எங்கள் மருத்துவர் என் கையில்தான் சீட்டைக் கொடுப்பார், எந்த மாத்திரை எப்போது என்று என்னிடம்தான் விளக்குவார். என் வயதை அவர் ஒரு முறையும் கேட்டதில்லை.