மாவுப்பூச்சியும் 'நெக்ஸ்ட் சண்டே'யும்

கும்பகோணத்தில் எங்கள் மாடித்தோட்டக் குழுவில் நான் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். அதற்கு ஈடாக ஆடியிலும் தையிலும் விதைப் பொட்டலங்கள் கிடைக்கும். தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வோம். மாதம் ஒரு முறை யாராவது ஓர் உறுப்பினரின் மொட்டைமாடியில் கூடிப் பேசுவோம். கூட்டம் முடிந்ததும் டிகிரி காபி உண்டு. முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, கத்தரிச் செடி வளர்ப்பதைவிட எளிதாகக் கைவந்த வேலை ஒன்று அங்கே காத்திருந்தது. குழுவில் வருகிற ஆங்கில அறிவிப்புகளில் பிழை காண்பதுதான் அது.

பிழைகளுக்குப் பஞ்சமே இல்லை. 'ஐ ஆம் ஹேவிங் ட்வென்டி பாட்ஸ்' என்று ஒருவர் எழுதுவார். 'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் மீலி பக்' என்று இன்னொருவர் அழைப்பார். 'கைண்ட்லி ரிவர்ட் பேக்' என்று முடியாத கடிதமே கிடையாது. முதல் ஆண்டு முழுவதும் நான் ஒவ்வொன்றையும் திருத்தி, திருத்தியதை எல்லாரும் பார்க்கும்படி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டின் இறுதியில் இரண்டு பேர் குழுவில் எழுதுவதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பிழைகள் குறைந்துவிட்டன என்றே எண்ணிக்கொண்டேன்.

என்னைப் போன்றவர்கள் குழுவில் இன்னும் நாலைந்து பேர் உண்டு. காபி வந்துவிட்டால் போதும், பேச்சு செம்பருத்தியை விட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. படித்தவரின் முன்னால் இந்தக் காலத்து எம்.ஏ. நிற்க முடியுமா என்று ஒருவர் தொடங்குவார். வலங்கைமானில் 1869-இல் பிறந்த, ஆங்கிலப் பேச்சுக்குப் புகழ்பெற்ற சீனிவாச சாஸ்திரியாரின் பெயர் தவறாமல் வரும். வெள்ளி நாவினர் என்று வெள்ளைக்காரனே பட்டம் கொடுத்த மண்ணில், இன்று 'டிட் யூ வென்ட்' என்று கேட்கிறார்களே என்று பெருமூச்சு விடுவார்கள். காவிரிக் கரையில் 1854-இல் தொடங்கிய அரசுக் கல்லூரியைத் தென்னகத்தின் கேம்பிரிட்ஜ் என்று அழைத்தார்கள் என்பதும் சொல்லப்படும். அதே கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த ஒரு மாணவர், ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார் என்பதும், அவர் பெயர் இராமானுஜன் என்பதும் மட்டும் இந்தப் பெருமைப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. ஒருநாள் நான்தான் அதை எடுத்துச் சொன்னேன். அன்று காபி சீக்கிரம் ஆறிவிட்டது.

ஆங்கில இலக்கணம் தேய்ந்துவருகிறதா என்று கேட்டால், பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை ஆம் என்றுதான் சொல்வேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவதும், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதும் அன்றாடப் பயிற்சிகள். நான் ஓய்வுபெற்றபோது மாணவர்கள் விடையை மனப்பாடம் செய்துவந்தார்கள். வாசிப்பு குறைந்துவிட்டது. கைபேசி அடுத்த சொல்லைத் தானே எடுத்துக்கொடுக்கிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எங்கள் குழுவில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' அல்லர். அவர்களுடைய ஆங்கிலம் தேயவில்லை. அது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது, முன்பு அதை ஊர் பார்க்க எழுதும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை, அவ்வளவே.

அந்தப் பிழைகளைச் சற்று உற்றுப் பார்த்தால், அவற்றுக்குள்ளே ஒழுங்கான தமிழ் இலக்கணம் உட்கார்ந்திருப்பது தெரியும். 'இருபது தொட்டி வைத்திருக்கிறேன்' என்பதுதான் 'ஐ ஆம் ஹேவிங்' ஆகிறது. மாவுப்பூச்சியை யாரும் பேசுவதில்லை, மாவுப்பூச்சியைப் 'பற்றி'த்தான் பேசுகிறோம். ஆகவே 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' வந்து ஒட்டிக்கொள்கிறது. 'இன்றே' என்பதில் அழுத்தம் தரும் 'ஏ', அதாவது தேற்றேகாரம், 'டுடே இட்செல்ஃப்' என்று வேடம் போடுகிறது. 'மாலையில்தான்' என்பது 'ஈவினிங் ஒன்லி' ஆகிறது. தமிழில் 'தி' என்ற சொல்லுக்கு வேலையே இல்லாததால், அது தேவையான இடத்தில் காணாமல் போய், தேவையற்ற இடத்தில் வந்து நிற்கிறது. முப்பத்தோர் ஆண்டுகள் சிவப்பு மையால் இவற்றை அடித்துக்கொண்டே இருந்தவன், இவை எங்கிருந்து வருகின்றன என்று ஒரு வகுப்பிலாவது மாணவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இனி வேப்பெண்ணெய்க் கதைக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைகாசியில் என் மிளகாய்ச் செடிகளில் மாவுப்பூச்சி வந்தது. குழுவில் கேட்டேன். அனுபவமுள்ள ஓர் உறுப்பினர் உடனே பதில் அனுப்பினார்: 'நீம் ஆயில் ஃபைவ் எம்.எல். சோப் வாட்டர் ஒன் லிட்டர் ஸ்ப்ரே த்ரீ டேஸ் ஈவினிங் ஒன்லி.' ஒரு வினைமுற்று இல்லை, ஒரு முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) இல்லை, ஒரு காற்புள்ளி இல்லை. நான் அதைத் தொடர்ந்து மூன்று நாள், மாலை வேளையில், என்று படித்துக்கொண்டேன். ஒரு லிட்டர் சோப்புக் கரைசலுக்கு ஐந்து மில்லி வீதம் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மூன்று மாலைகள் விடாமல் அடித்தேன். அவர் சொல்லவந்தது மூன்று நாள் இடைவெளி விட்டு ஒரு முறை என்பது. நான்காம் நாள் காலையில் இலைகளின் ஓரம் காகிதம் கருகியதுபோல் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. விரலால் தொட்டதும் எண்ணெய்ப் பிசுக்கோடு இரண்டு இலைகள் கையோடு வந்துவிட்டன. ஆறு செடிகளில் நான்கு பிழைக்கவில்லை. பிழையான ஆங்கிலத்தால் ஒரு தோட்டம் அழிந்தது என்று அடுத்த கூட்டத்தில் முழங்கினேன். எல்லாரும் தலையசைத்தார்கள். செய்தி அனுப்பியவர் மட்டும், 'தமிழ்ல ஒரு போன் போட்டிருக்கலாமே சார்' என்றார்.

அந்த முழக்கத்தின் விளைவாக, அறிவிப்புகளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு புதன்கிழமை, அந்த வாரக் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. முற்றுவினை, எச்சவினை, காலப் பொருத்தம் எல்லாம் பிசகாமல், இடைச்செருகு வாக்கியம் ஒன்றை இரு காற்புள்ளிகளுக்கு நடுவே அழகாக அமர்த்தி, கூட்டம் 'நெக்ஸ்ட் சண்டே'க்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதை நானே இரண்டு முறை ரசித்துப் படித்தேன். நான் நினைத்தது அடுத்த வாரத்து ஞாயிறு. ஒன்பது பேர் அதை வருகிற ஞாயிறு என்று புரிந்துகொண்டு, நாற்றுத் தட்டுகளும் கையுமாகப் பூட்டிய வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வீட்டுக்காரர்கள் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். என் இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, தேதியைத்தான் போடவில்லை. தமிழில் எழுதியிருந்தால் 'வருகிற ஞாயிறு' என்றோ 'அதற்கு அடுத்த ஞாயிறு' என்றோ எழுதியிருப்பேன். எங்கள் ஊரில் யாருக்கும் அதில் குழப்பம் வந்திருக்காது. வெயிலில் திரும்பிப்போன ஒன்பது பேரில் ஒருவருடைய தக்காளி நாற்றுகள் முழுவதும் வாடிவிட்டன. என் மிளகாய்ச் செடிக்கு அவருடைய தக்காளி சரியாகப் போயிற்று என்று சிலர் கணக்குத் தீர்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான், நான் காலமெல்லாம் கற்பித்த விதிகளையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன். வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்பேன். ஆங்கிலேயரிலேயே இலக்கணம் எழுதிய இராபர்ட் லௌத் என்ற பாதிரியார், 1762-இல் அந்தப் பழக்கத்தைக் குறிப்பிடும்போது, அது ஆங்கில மொழியின் இயல்பான நாட்டம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கூற்றையே முன்னிடைச்சொல்லில்தான் முடித்திருக்கிறார். மொழி கெட்டுப்போகிறது, அரசு தலையிட்டு அதைத் திருத்தி நிலைநிறுத்த வேண்டும் என்று ஜானதன் ஸ்விஃப்ட் 1712-இலேயே புலம்பியிருக்கிறார். எங்கள் காபி நேரத்துப் புலம்பலுக்கு வயது முந்நூறுக்கு மேல் என்று தெரிந்தபோது, அதன் சுவை கொஞ்சம் குறைந்துதான் போயிற்று.

எல்லாப் பிழையும் ஒன்றுதான், எழுதுவதை எழுதட்டும் என்று விட்டுவிடச் சொல்கிறேனா என்றால், இல்லை. தோட்டத்தில் நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொன்னால் என் கருத்து விளங்கும். முதல் ஆண்டு, செம்பருத்தியின் நுனித் தண்டில் வெள்ளையாக, மெழுகு இழை மூடிய பூச்சிகளைப் பார்த்து, எல்லாம் மாவுப்பூச்சி என்று எண்ணிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நசுக்கினேன். அவற்றில் சில மற்றவற்றைவிடப் பெரியனவாக இருந்தன; பல்துலக்கியைக் கண்டதும் வேகமாக ஊர்ந்து ஓடின. அவை கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள் என்பதும், மாவுப்பூச்சியைத் தின்பதே அவற்றின் தொழில் என்பதும், 1898-இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து அவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பகையும் துணையும் ஒரே வெள்ளைச் சட்டை போட்டிருந்தன, நான் சட்டையைப் பார்த்து அடித்தேன். 'ப்ரீபோன்' என்ற சொல்லை நான் எத்தனை விடைத்தாள்களில் அடித்திருப்பேன்! கூட்டத்தை முன்னதாக நடத்துவதைச் சொல்ல அதைவிடக் கச்சிதமான சொல் ஆங்கிலேயனிடமும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அது பொறிவண்டு. அளவும் இடைவெளியும் தெளிவில்லாத 'த்ரீ டேஸ் ஈவினிங் ஒன்லி'தான் மாவுப்பூச்சி. பிழையே இல்லாத என்னுடைய 'நெக்ஸ்ட் சண்டே'யும் அந்த இனம்தான் என்பதை ஒப்புக்கொள்வதில்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டம் இருந்தது.

ஆனால் இவையெல்லாம் உறுப்பினர்களாகச் சேர்ந்துவிட்டவர்களின் சங்கடங்கள். சேராதவர் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன்.

எங்கள் தெருவில் காலையில் கீரை கொண்டுவரும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். அரசலாற்றங்கரைப் பக்கம் வீடு. என் முளைக்கீரை விதைகளை எறும்பு இழுத்துப்போய்விடுகிறது என்று ஒருநாள் சொன்னபோது, விதையை மணலோடு கலந்து தூவச் சொன்னார். பாத்தியின் ஓரத்தில் ஒரு பிடி நொய்யைப் போட்டுவிட்டால் எறும்பு அதோடு போய்விடும், விதைக்கு வராது என்றார். அப்படியே செய்தேன். ஐந்தாம் நாள் தொட்டி முழுவதும் சிவப்பும் பச்சையுமாக முளை கண்டது. எங்கள் குழுவில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. இப்படிப்பட்டவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று, சேர்க்கைப் படிவம் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் ஆங்கிலம். மொட்டைமாடியின் பரப்பு எத்தனை சதுர அடி என்பது மூன்றாவது கேள்வி. அவர் படிவத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். 'படிச்சவங்க சங்கம் போல இருக்கே சார். எனக்கு மாடியே இல்லையே, கொல்லைதானே இருக்கு' என்று சொல்லிவிட்டு, அதை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் கீரை கொண்டுவருகிறார்.

அந்தப் படிவத்தில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதைத் திருத்திக் கொடுத்தவன் நான்.

டெல்டாவின் விவசாயிக்கு ஆங்கிலம் ஒரு காலத்திலும் தடையாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆடுதுறையில் உருவான நெல்லை 'ஏடிடி நாற்பத்து மூணு' என்று வாய் நிறையச் சொல்கிறார். டிஏபி, யூரியா, பம்புசெட் எல்லாம் அவருக்குத் தமிழ்தான். வேண்டிய சொல்லை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடும் அந்தக் கெட்டிக்காரத்தனம் அவரிடம் இருக்கிறது. கீரைக்கார அம்மாளை நிறுத்தியது ஆங்கிலச் சொற்கள் அல்ல. கையில் வாங்கிய தாள் தன்னை நோக்கி எழுதப்பட்டதில்லை என்பதை அவர் ஒரே பார்வையில் தெரிந்துகொண்டார்.

ஆகவே ஆடிப்பெருக்குக்கு முந்திய கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை வைத்தேன். படிவமும் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். மருந்து அளவையும் நாளையும் எந்த மொழியில் எழுதினாலும் எண்ணும் தேதியும் போட்டு எழுத வேண்டும். மாடி இல்லாமல் கொல்லை மட்டும் உள்ளவர்களையும் சேர்க்க வேண்டும். எதிர்ப்பு வராமல் இல்லை. ஆங்கிலத்தில் இருந்தால்தான் ஒரு தரம் இருக்கும் என்றார் ஒருவர். என்ன தரம் என்று கேட்டேன். தரம் என்றால் தரம்தான் என்றார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டாமா என்றார் இன்னொருவர். பிள்ளைகள் படிக்கட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் முதலில் படிக்கட்டும் என்றேன். ஆங்கில ஆசிரியரே இப்படிப் பேசலாமா என்ற குறைபாடும் எழுந்தது. பேசலாம் என்றே நினைக்கிறேன். எந்த இடத்தில் அந்த மொழி தேவையில்லை என்று சொல்லும் உரிமை, அதற்காக உழைத்தவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. கடைசியில் கோரிக்கைகள் மூன்றும் ஏற்கப்பட்டன. தமிழ்ப் படிவத்தின் வரைவை நானே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று பொறுப்பேற்றேன்.

சென்ற ஞாயிறு (தேதி போட்டே அழைத்தோம், 28 பேர் வந்தார்கள்) அந்த வரைவைக் கூட்டத்தில் வாசித்தேன். குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் புலவர் ஐயா என்றுதான் அழைப்போம். நான்கு ஆண்டுகளாக எங்கள் ஆங்கிலச் சண்டைகளில் ஒரு வார்த்தையும் பேசாமல் காபி மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர். வரைவைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு மை. 'விதை பரிமாற்றம்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு 'ப்' சேர்த்தார். 'உங்களிடம் உள்ள மரங்கள்' என்ற தலைப்பின் கீழே தென்னையைப் போட்டிருந்தேன். வெளியே வைரம் (தண்டின் கெட்டியான பகுதி) உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது, அந்த வழக்கில் தென்னை புல்லினம் என்றார். 'கத்திரியா, கத்தரியா, அதையும் முடிவுபண்ணிடுவோம் சார்' என்று சொல்லி, நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.